டிராகன் கேட்ட லீவு

ராஜாவின் தாடியில் தீப்பிடித்தபோது பெபிஷா சோபாவிலிருந்து தரைக்கு உருண்டு விழுந்து சிரித்தாள். டைட்டஸும் சிரித்தான். கோபுரத்தில் இளவரசியைக் காவல் காக்கும் டிராகனுக்கு ஜலதோஷம். அது தும்மும் ஒவ்வொரு முறையும் ராஜாவிடம் ஏதாவது ஒன்று எரிந்துபோகும். முதலில் தொப்பி, பிறகு குடை, இப்போது தாடி. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, அப்பாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெபகனி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நாப்பத்திமூணு வயசாவுது. பிள்ளைக பாக்குத கார்ட்டூன இப்பிடி வாயப் பொளந்து பாக்குதிய."

இந்தப் படத்தை டைட்டஸ் குறைந்தது நாற்பது முறை பார்த்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாது. தமிழில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

குவைத்தில் தொழிலாளர் காம்ப் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். வேலை முடிந்து ஊருக்குப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரன் விட்டுச்சென்ற லேப்டாப்பில் இருந்தது இந்த ஒரு படம்தான், அதுவும் இங்கிலீஷில். வெள்ளிக்கிழமை மதியம் சோறு தின்ற பிறகு அடுக்குக் கட்டில்களில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொள்வார்கள். எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் குளச்சல் மைதீன் கனி லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பேச்சையும் தமிழில் சொல்லிக்கொடுப்பார். அவர் ஆபீசில் டீ கொடுக்கும் ஆள், துரைமார் பேச்சைத் தினமும் கேட்கிறவர். அதனால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அறையில் எல்லோரும் நம்பினார்கள். ராஜாவுக்கு ஒரு குரல், இளவரசிக்கு ஒரு குரல். டிராகனுக்கு மட்டும் தன் சொந்தக் குரல். மீசை நரைத்த ஆண்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். ஏசியின் இரைச்சலும், காய்ந்த துண்டுகளின் வாடையும், யாரோ உரித்த ஆரஞ்சின் மணமும். அங்கே இருந்தபோது எப்போது அந்த அறையை விட்டுப் போவோம் என்றுதான் இருந்தது. ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆன பிறகு, சில வெள்ளிக்கிழமைகளில் மதியம் எதையோ மறந்துவிட்டவன்போல வீட்டுக்குள் அங்குமிங்கும் நடப்பான்.

அவன் குவைத்தில் இருந்த அந்த நாட்களில் பெபிஷாவுக்கு நான்கு வயது. போனில் அவளிடம் என்ன பேசுவதென்று டைட்டஸுக்குத் தெரியாது. சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்டால் பேச்சு முடிந்துவிடும். பிறகு அவள், "அப்பா எப்ப வருவிய?" என்பாள். உடனே அவன் டிராகனைத் தும்ம வைப்பான். வாரத்துக்கு ஒரு தும்மல். தாடி எரிந்த கதையை மட்டும் பத்து முறையாவது சொல்லியிருப்பான்.

ஆனால் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு இடம் படத்தில் உண்டு. இப்போது அதற்காகத்தான் காத்திருந்தான். கதவு திறந்தது. டிராகன் அரசவைக்குள் கூனிக் குறுகி வந்து மண்டியிட்டது.

"மகாராஜா, கோபுரத்துல கொசுத் தொல்லை தாங்க முடியல," என்றது டிவியில் டிராகன். "எனக்கு ஒரு கொசுவலை வாங்கிக் கொடுங்க."

ராஜா கொட்டாவி விட்டார். காகிதத்தில் ஓங்கி ஒரு முத்திரை குத்தி, "நிராகரிக்கப்பட்டது" என்றார். பெபிஷா கைதட்டிச் சிரித்தாள். வாசலில் ஜெபகனிகூடச் சிரித்துவிட்டாள். "டிராகனையும் கொசு விடல்ல பாரு."

டைட்டஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா ஏன் சிரிக்கல்ல?"

"எங்க ரூம்ல டிராகன் வேற கேட்டுது மக்களே."

பெபிஷா ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். "என்ன கேட்டுது?"

அவன் சொன்னான். ராஜாவே, நான் இந்தக் கோபுரத்துக்கு வந்து ஏழு வருசம் ஆச்சு. எனக்க மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு தந்தா போதும், பந்தலக் கண்ணால கண்டுட்டு ஓடி வந்திருவேன். அதுக்கு ராஜா, அடுத்த வருசம் பாப்போம், ஒனக்க பாஸ்போர்ட் எனக்க பெட்டியிலதான் பத்திரமா இருக்கு, போ என்றார். காக்கா அப்படிச் சொன்ன அன்று சிரிப்பில் அறையே அதிர்ந்தது. திரும்பத் திரும்ப மூன்று தடவை அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டிருந்த அறைத்தோழன் எபிசன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

பெபிஷா சிரிக்கவில்லை. "பிறவு லீவு கெடச்சுதா?"

"தெரியாது. மைதீன் காக்காட்டதான் கேக்கணும்."

"அப்ப கேளுங்க."

பெருநாளுக்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. டைட்டஸ் போனை ஸ்பீக்கரில் போட்டான். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"காக்கா, நம்ம படத்தத் தமிழ்ல பாக்கோம். டிராகன் கொசுவலையில்லா கேக்குது."

அந்தப் பக்கம் மைதீன் கனி இருமி இருமிச் சிரித்தார். "கொசுவலையா? எனக்கு எங்க மக்கா இங்கிலீஷ் தெரியும்? டீ, காபி, சுகர் வேணுமா, இவ்வளவுதான். நீங்க அஞ்சு பேரும் எனக்க வாயப் பாத்துட்டு இருந்திய. வாயில வந்தத சொன்னேன்."

பெபிஷா போனருகே குனிந்தாள். "மாமா, டிராகனுக்கு லீவு கெடச்சுதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"இல்ல மக்களே," என்றார். "டிராகன் கல்யாணத்தப் போன்லதான் பாத்துது."

டைட்டஸுக்குத் தஸ்ரின் நினைவுக்கு வந்தாள். அந்த மாதம்தான் மைதீன் கனியின் மகள் தஸ்ரினுக்குக் கல்யாணம் நடந்தது. டிக்கெட் விலை கூடுதலாக இருக்கிறது, குறையட்டும், பிறகு போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் காக்கா அறையில் சொல்லியிருந்தார். கல்யாணத்தன்று எல்லோருக்கும் அல்வாத் துண்டு கொடுத்தார். லீவு கேட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கிறார். ஐந்து பேர் முன்னால் மூன்று முறை சொல்லியிருக்கிறார். அவர்கள் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

"காக்கா..." என்றான்.

"விடு மக்கா. நீங்க எல்லாரும் சிரிச்சியதான? எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துது." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "பிள்ள என்ன படிக்கா?" என்று கேட்டார்.

பெபிஷா ரிமோட்டால் படத்தைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தாள். அரசவைக் கதவு வந்ததும் நிறுத்தினாள். ஒலியை முழுவதும் குறைத்தாள். போனை எடுத்துக்கொண்டுபோய் டிவிக்கு அடியில், திரையில் சாய்த்து வைத்தாள்.

"மாமா, டிராகன் இப்ப உள்ள வருது. நீங்க சொல்லுங்க."

ஜெபகனி மடித்த துணிகளை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். திரையில் கதவு சத்தமில்லாமல் திறந்தது. டிராகன் தன் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வால் யார் மேலும் பட்டுவிடாமல் ஒதுக்கி இழுத்தபடி நடந்து வந்து, முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டது. ராஜா கொட்டாவி விட்டார். டிராகன் வாயைத் திறந்தது. போனில் மைதீன் கனி தொண்டையைச் செருமிக்கொண்டார்.