அண்ணாவுக்கு மாட்டிய கோட்

லண்டன் கிங்ஸ்பரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இராஜேந்திரனிடம் ஒரேயொரு கோட்தான் இருக்கிறது. அதுவும் கம்ப்யூட்டருக்குள். நீலக் கோட், சிவப்பு டை. எங்கள் சனத்தில் எந்த ஆம்பிளை செத்தாலும் கழுத்துக்கு மேலே அவருடைய தலை, கழுத்துக்குக் கீழே அந்தக் கோட். உயிரோடிருந்தவரை சாரமும் பெனியனுமாகத் திரிந்தவர்களெல்லாம் முப்பத்தோராம் நாள் மாலை போட்ட படத்தில் வங்கி மனேஜர் மாதிரி நிற்பார்கள். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். 2008இல் அதே கோட்டை என் அண்ணா நிரூபனுக்கும் மாட்டினார்கள். சிரிப்பு வரவில்லை.

அண்ணாவுக்கு முப்பத்திரண்டு வயது. ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை செய்துகொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், எழும்பவில்லை.

மச்சாள் சிவரூபினி கேட்டது ஒன்றுதான். மாலை போடும் படம், தன் புருஷன் சுவிஸ் இராணுவ உடுப்பில் நிற்கும் படமாக இருக்கவேண்டும். எட்டு வயதில் அகதிப் பிள்ளையாகப் பேர்ண் நகரத்துக்கு வந்தவன் அண்ணா. அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த இளந்தாரிகள் கட்டாயம் படைச்சேவைக்குப் போகவேண்டும். மற்றப் பெடியள் முதுகுவலி என்று சாட்டுச் சொல்லித் தப்ப, இவன் விரும்பிப் போய் லெப்டினன்ட் ஆனான். நாங்கள் லண்டனுக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தப் படத்தில் மட்டும்தான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"சுஜீத்தைச் சுட்டவனும் உந்த மாதிரித்தான் உடுத்திருந்தவன்" என்றார் அப்பா. "என்ர கையால உதுக்குப் பூ வைக்கமாட்டன்."

சுஜீத் எங்கள் மூத்த அண்ணா. ஊரில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். எண்பத்தேழில் இலங்கை ஆமி சுட்டது. அப்பாவுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஆமிதான். அந்த நோவை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் செத்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, உயிரோடிருந்த பிள்ளையை அடித்தார். லெப்டினன்ட் ஆன நாளிலிருந்து அண்ணாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் அவன் சுவரோடுதான் பேசினான்.

மச்சாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அப்பா அந்தப் படத்தையே இராஜேந்திரனிடம் கொண்டுபோனார். உடுப்புப் போய் நீலக் கோட் வந்தது. தொப்பியை எடுத்தால் தலை அரைவாசி இல்லை, எவனுடையதோ தலைமயிரை ஒட்டியிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் படத்தைக் கண்டதும் மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"இது ஆர், துஷ்யா?"

சாப்பாட்டுக்கு முன் பேச்சு. சுவிஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்திருந்தான். பெயர் யாக்கோப். அண்ணாவின் கீழ் படையில் இருந்தவனாம். ஆங்கிலம் அவ்வளவு வராது, ஜெர்மனில்தான் பேசுவேன் என்றான். மண்டபத்தில் ஜெர்மன் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான்.

"பாலேந்திரா அண்ணை, நீங்களே தமிழில சொல்லிவிடுங்கோ" என்று அப்பாவிடம் மைக்கை நீட்டினார் கணேசலிங்கம் மாமா.

யாக்கோப் தொடங்கினான். "மலையில் பனிப்புயல். எங்கள் எல்லோரையும் உயிரோடு கீழே இறக்கினான் நிரூபன். அவனைப்போல ஓர் அதிகாரியை நான் கண்டதில்லை."

அப்பா மைக்கைப் பிடித்தார். "மகன் நல்ல கெட்டிக்காரனாம். ரெண்டுபேரும் ஒரே கொம்பனியில வேலை செய்தவையாம்."

சனம் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதிகாரியான நாளில் எல்லோருடைய வீட்டாரும் வந்தார்கள்" என்றான் யாக்கோப். "அவனுக்கு ஒருவரும் வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் சாகக்கிடக்கிறார் என்றான். நாங்கள் சேர்ந்து ஒரு பூங்கொத்து வாங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டோம்." அவன் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பற்றினான். "நீங்கள் பிழைத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம், ஐயா."

அப்பா சனத்தின் பக்கம் திரும்பினார். "என்ர உடம்பைக் கவனிக்கட்டாம்" என்றார்.

அந்தப் பூங்கொத்தை எனக்குத் தெரியும். அன்று அப்பா டிவிக்கு முன்னால் குத்துக்கல் மாதிரி இருந்தார். அண்ணா உடுப்போடு வந்து பூவை மேசையில் வைத்தான். "செத்தவீட்டுக்கோ கொண்டந்தனீ?" என்று கேட்டு அப்பா அதைக் குப்பை வாளிக்குள் எறிந்தார். அண்ணா வாளி மூடியைச் சாத்திவிட்டுப் போனான்.

நான் எழும்பிப் போய் மைக்கைப் பறித்தேன். யாக்கோப் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன். பூ எங்கே போனது என்பதையும் சொன்னேன். "ஆமியிலயோ இருந்தவன்?" என்று ஒரு மாமி மெல்லக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அப்பா கதிரையில் விழுந்தார். "சனத்துக்கு முன்னால என்னைக் கொன்றுபோட்டாய், பிள்ளை."

"அண்ணா அப்பவே உங்களைச் சாகக் கிடத்திப்போட்டான். பூவும் கொண்டந்து தந்தவன்" என்றேன். சொல்ல இனித்தது.

யாக்கோப்புக்குத் தமிழ் விளங்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "அந்த வருத்தம் திரும்ப வந்துவிட்டதா?" என்று என்னிடம் கேட்டான்.

"ஓம்" என்றேன்.

பாவம் அவன், வெளியே ஓடினான். எதிர்க்கடையிலிருந்து ஒரு பூங்கொத்தோடு வந்து அப்பாவின் மடியில் வைத்தான். இந்தமுறை எறிய இடமில்லை. அவ்வளவு சனமும் பார்த்துக்கொண்டு நின்றது.

மச்சாள் கைப்பையைத் திறந்தாள். உடுப்போடு அண்ணா சிரிக்கும் படத்தை எடுத்து, குத்துவிளக்கோடு சாய்த்து வைத்தாள்.

"இதுக்கு வையுங்கோ மாமா. இண்டைக்கு மட்டும்."

அப்பா எழும்பினார். உண்மையாகவே வைத்துவிடுவார் என்று நான் நம்பினேன். அவர் மச்சாளைத் தாண்டிப் போய், நீலக் கோட் போட்ட படத்துக்குக் கீழே பூவை வைத்துக் கும்பிட்டார். அந்தத் தலைமயிர் எவனுடையதோ, பூ அவனுக்குப் போயிற்று. அண்ணாவுக்கு இரண்டாந்தரமும் இல்லை.