ஆடிக் காற்றுக்கு முன் நான்கு சக்கரங்கள்

எங்கள் ஊரில் ஆடிக் காற்று, முன்பு இருந்ததைவிட எடை குறைந்தவர்களை மட்டுமே தூக்கும். பிறந்ததிலிருந்து ஒல்லியாக இருப்பவர்களை அது தொடுவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்களில் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் பறப்பது கொத்திக் கொத்தித் தேய்ந்த அம்மி மட்டும்தான். புது அம்மி அசையாது.

என் மனைவி வசந்தாமணி சித்திரையில் வந்த காய்ச்சலில் ஆறு கிலோ குறைந்துவிட்டாள். இங்கே எடை காணாமல் போவதில்லை, புதிதாக உண்டாவதும் இல்லை. ஒருவர் இறக்கினால் இன்னொருவர் ஏற்றிக்கொள்வார். அவளுடைய ஆறு கிலோ எதிர்வீட்டுக் குழந்தைவேலுவிடம் போயிருந்தது. இருவரும் போய்க் கேட்டோம்.

"தர்றதுக்கு என்னங்க. பேண்ட்டெல்லாம் பிரிச்சுத் தெச்சாச்சு, அதான் யோசிக்கிறேன்" என்றார்.

அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதையாக இல்லை.

பறந்து போகிறவர்கள் பெரும்பாலும் தாராபுரம் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவில் இறங்குவார்கள். அடிபடுவதில்லை. அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஆனாலும் திரும்பி வந்தவர்கள் குறைவு. நான் பத்திரிகையில் வேலை பார்த்தபோது அந்தச் செய்திகளைக் காய்கறி விலைக்குக் கீழே போடுவோம். ஒருமுறை நேரில் போய்ச் சிலரிடம் ஏன் ஊருக்கு வரவில்லை என்று கேட்டேன். இங்கே வெயில் இதமாக இருக்கிறது என்றார்கள். வசந்தாமணிக்கும் இதமான வெயில் பிடிக்கும்.

ஆனி பிறந்ததும் காற்று லேசாகத் தொடங்கியது. கடைக்குப் போகும்போது அவள் ஆட்டுக்கல் குழவியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அது கையில் இருக்கும்வரைதான் காவல். காசு எடுப்பதற்காகப் பையைக் கீழே வைத்தால் செருப்பு தரையை விட்டுவிடும். கீரைக்காரம்மா ஒரு கையால் சில்லறை கொடுத்து மறு கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வார்.

"என் எடையை எடுத்துக்கோ" என்றேன்.

"அப்பறம் உங்களத் தேடிட்டு நான் தாராபுரம் வரணும்" என்றாள்.

வீட்டில் இறக்குவதற்கு எடை வைத்திருந்தது கார்தான். வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த ஒருவரிடம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், நீண்ட மூக்கு, துணிக்கூரை, இரண்டே இருக்கை. அதன் அழகெல்லாம் கம்பி வீல்களில் இருந்தது. சைக்கிள் சக்கரம்போல நெருக்கமான கம்பிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவற்றை ஒவ்வொன்றாகத் துடைப்பேன். பார்வைக்குத்தான் மெல்லியவை. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவற்றைக் கழற்றிவிட்டு லேசான வீல் போட்டால், குறைகிற எடையை யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஊரில் பலரும் செய்வதுதான்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் செங்கோட்டுவேல் வீல் கடை வைத்திருக்கிறார். பந்தயத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் அவரிடம்தான் போவார்கள். கார் நின்றதும் அவர் காரைப் பார்க்கவில்லை.

"எடைய யாருங்க வாங்கிக்கறது? அக்காவுங்களா? உக்காருங்க்கா" என்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். வசந்தாமணி குழவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு வகை எடுத்து வைத்தார். முதலாவது அலுமினியம். ஐந்து கைகள் விரித்த நட்சத்திரம்போல இருந்தது. காருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தபோது, கார் அதனோடுதான் பிறந்தது என்று தோன்றியது. இரண்டாவது மெக்னீசியம். சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை, சுற்றிலும் குழிகள்.

"இது என்னங்க, இட்லித் தட்டாட்ட இருக்குது" என்றாள் வசந்தாமணி.

"லேசுன்னா அதுதானுங்க்கா லேசு. வீலுக்கு ஒன்றரைக் கிலோ குறையும். நாலுக்கும் சேத்தி ஆறு. அந்த நட்சத்திரம் வீலுக்கு ஒரு கிலோதான், நாலுதான் தேறும்."

"நாலு போதுங்க. மிச்சம் ரெண்டுக்குக் குழவி இருக்குதே. வண்டிக்கு நட்சத்திரம்தான் எடுப்பா இருக்குது." அவள் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் நட்சத்திர வீலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் என் முகம் தெரிந்தது. நல்ல வார்ப்பு.

"ரெண்டு கிலோ பத்தலீன்னா தாராபுரம் வரைக்கும் போகாதுங்க. பல்லடத்துலயே எறக்கி விட்டுரும்" என்றார் செங்கோட்டுவேல், ஆறுதலாக.

"பல்லடந்தான? டவுன் பஸ்ல வந்தர்றேன்" என்றாள் அவள்.

"பல்லடத்தில் வெயில் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

செங்கோட்டுவேல் சற்று யோசித்தார். "இதமாத்தானுங்க இருக்கும்."

நட்சத்திரத்தைக் கீழே வைத்தேன். "இட்லித் தட்டையே போடுங்க."

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வசந்தாமணி குழவியை என் மடியில் வைத்துவிட்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்து, ஜாக்கி வைத்த காரின் முன்வீல்மேல் உள்ளங்கையை வைத்தாள். மறு கையால் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போடட்டுங்க்கா?"

"கால்ல போடுங்க. இடுப்புல மட்டும் வேண்டாம்."

"மூணு வீலுக்குக் கால்ல போயிரும். நாலாவதுக்கு எடம் பத்தாதுங்களே."

"அப்பக் கையில."

பழைய வீல் கழன்று புதியது ஏறி, நட்டு இறுகும்போது ஒவ்வொரு முறையும் முக்காலி முனகியது. "வலது கால் வந்துருச்சு" என்றாள். பிறகு இடது கால். நான்காவது வீலில் செங்கோட்டுவேல் கடைசி நட்டை இறுக்கியபோது, அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் முழங்கைப் பக்கம் நழுவாமல் அப்படியே நின்றன. காய்ச்சலுக்குப் பிறகு அவை அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

எழுந்து நின்றாள். ரோட்டுப் பக்கமிருந்து காற்று வந்து காலண்டரைப் புரட்டியது. சேலை ஓரம் பாதத்தின்மேல் படிந்தே கிடந்தது. குழவி என் மடியில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் முதுகு சாய்த்தேன்.

"சக்கரத்து எடைங்க்கா. நாலஞ்சு நாளைக்கு நெனச்ச எடத்துல நிக்க வராது. ரெண்டடி தள்ளித்தான் நிப்பீங்க."

"இவரு ஓட்டற வண்டியும் அப்படித்தானுங்க நிக்குது" என்றாள்.

கிளம்பும்போது செங்கோட்டுவேல் ஒரு தேங்காய் நார்க் கயிற்றுச் சுருளைக் கொடுத்தார். நான்கு வீலும் சேர்த்து எடுத்தால் கயிறு இலவசம் என்றார். ஜவுளிக் கடையில் பை கொடுப்பதுபோல. வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் ஆடி பிறந்தது. முதல் நாள் காற்று வேப்பமரத்தைப் பாதியாக மடித்து நிமிர்த்தியது. வசந்தாமணி மாடியில் துணி காயப்போட்டாள். நான் படியில் நின்று அவளுடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியைத் தாண்டி இரண்டடி போய் நின்று, திரும்பி வந்து கிளிப் போட்டாள். போர்வை படபடத்தது. அவள் அசையவில்லை. எதிர்வீட்டில் குழந்தைவேலு தெம்பாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரும் கையசைத்துக்கொண்டோம். மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். அந்த மாதிரி தூங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

அவள்தான் எழுப்பினாள்.

"வண்டி எழும்பிருச்சுங்க" என்றாள், பால் பொங்கிவிட்டது என்பதுபோல. "அந்தக் கயிறு எங்க வெச்சீங்க?"

கார் ஜன்னல் ஸன்ஷேடு உயரத்தில், மூக்கைக் கிழக்கே வைத்து நின்றது. முன்பு இருந்ததைவிட அது இப்போது ஆறு கிலோ குறைவு. பரண் மேலிருந்து கயிற்றை எடுத்துவந்து முன்பம்பரில் கட்டினேன். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். கார் இழுத்துப் பார்த்தது. அவள் பாதம் பெயரவில்லை.

"எவ்வளவு விடட்டுங்க?"

"எலக்ட்ரிக் கம்பிக்குக் கீழ இருக்கட்டும்."

எப்படியும் கீரை வாங்கப் போக வேண்டியிருந்தது. நான் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வசந்தாமணி கயிறோடு நடந்தாள். குழவி வீட்டில் ஆட்டுக்கல்லில் கிடந்தது. அவள் கையில் வெறும் பை மட்டுமே இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். "கீழ இருந்து பாத்தா இட்லித் தட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள்.

தெருமுனையில் அவள் இடப்பக்கம் திரும்பினாள். நான் இடது இண்டிகேட்டரைப் போட்டேன். சிக்னலில் சிவப்பு. அவள் கோட்டைத் தாண்டி இரண்டடி போய் நின்றாள். போக்குவரத்துக் காவலர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் வரச்சொல்லிக் கை காட்டினார். அவள் பின்னால் வந்தாள், நானும் வந்தேன்.

பச்சை விழுந்தது. எனக்குப் பின்னால், அதே உயரத்தில், பால் பாக்கெட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வேன் ஒன்று ஹாரன் அடித்தது. நான் கையை வெளியே நீட்டி, போகச்சொல்லி வழிவிட்டேன்.