செவ்வாய்க்கிழமை வீடு

என்னிடம் பத்து வீட்டுச் சாவி இருக்கிறது. பத்தாவது சாவி கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் என் தொழிலைச் சொல்லாமல் அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வீடு வாங்கிப் பூட்டிப் போட்டிருக்கிறார்களே, அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்கு முன்னால் குழாய் ரிப்பேர் பார்த்தேன். ஆள் இல்லாத வீடு சும்மா இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்காது. குழாயைத் திறக்காவிட்டால் துருப் பிடிக்கும். ஜன்னலைத் திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை ஏறும். டாய்லெட்டில் வாரம் ஒரு தடவையாவது தண்ணீர் அடித்துவிட வேண்டும். அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் காய்ந்துபோனால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேராக வீட்டுக்குள் ஏறி வந்துவிடும். யாருமே போகாத டாய்லெட்டில் வருடக்கணக்காகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறவன் நான். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

வீடுகளை நான் கிழமை சொல்லித்தான் கூப்பிடுவேன். திங்கள் வீடு இரண்டு, புதன் வீடு இரண்டு, அப்படியே போகும். வியாழக்கிழமை வீட்டில் நான்கு சுவர்க் கடிகாரங்கள். நான்கும் சரியான நேரம் காட்ட வேண்டும் என்பது அந்த வீட்டுக்காரர் உத்தரவு. யார் சார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். நான் திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வாய் என்றார். மனிதர் ஆறு வருடமாகத் திடீரென்று வரப்போகிறார். நானும் பாட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் எந்த வீடும் கிடையாது. அன்றைக்கு ஓய்வு. என் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பேன்.

என் வீடு என்று வாய் தவறி வந்துவிட்டது. வாடகை வீடு. பதினோரு வருடம் இருந்தோம்.

அந்தத் தெருவில் மொத்தம் இருபத்திரண்டு வீடு, அதில் பதினாலு பூட்டு. டைல்ஸ் கடை, இரும்பு கேட் செய்கிற பட்டறை, வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கடை, இந்த மூன்றும் ஓகோவென்று ஓடுகின்றன. முடிவெட்டுகிறவர் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பூட்டுக்கு முடி வளருமா என்று போகும்போது என்னிடம் கேட்டார். டீக்கடையும் போயிற்று. என் மனைவி தையல்காரி. முன் அறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். முன்பு பள்ளிச் சீருடை, பாவாடை, சட்டை என்று வந்துகொண்டிருந்தது. பிறகு பெரும்பாலும் திரைச்சீலைதான். எட்டிப் பார்க்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் ஜன்னல் அதிகம் வைக்கிறார்கள். இதற்காக நான் யாரையும் கரித்துக்கொட்ட முடியாது. அவர்கள் அனுப்புகிற பணத்தில்தான் எங்கள் அடுப்பும் எரிகிறது.

எங்கள் வீட்டுக்காரம்மா மகனோடு இருக்க வெளிநாடு போவதாக முடிவானது. வீட்டை விற்கப் போகிறேன் என்று எங்களிடம்தான் முதலில் சொன்னார். நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார். நல்ல மனுஷி, கேலிக்குக் கேட்கவில்லை. விலையைச் சொன்னார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையாட்டிவிட்டு வந்தோம். உள்ளூரில் சம்பாதிக்கிற யாரும் வாய் திறக்க முடியாத விலை அது.

எங்களுக்கு வீடு மாறுவது பெரிய விஷயம் இல்லை, அந்தத் தெருவை விட்டுப் போவதுதான் விஷயம். எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. முதல் மணி அடிக்கும்போது செருப்பு மாட்டினால் இரண்டாவது மணிக்குள் போய்விடுவாள். மனைவிக்கு அந்த ஜன்னல்தான் கடை, பெயர்ப்பலகை எல்லாம். அக்கம்பக்கத்தில் வாடகைக்கு விசாரித்தேன். இருக்கிற நாலைந்து வீட்டுக்கும் கேட்கிற வாடகை என் மாதச் சம்பளத்தை முழுங்கிவிடும். கூச்சத்தை விட்டு வியாழக்கிழமை வீட்டுக்காரரிடமே போனில் கேட்டேன், சும்மாதானே கிடக்கிறது, நானே வாடகைக்கு இருந்துகொள்கிறேனே என்று. அவர் சிரித்தார். ஆள் குடியிருந்தால் வீடு கெட்டுப்போய்விடும், உனக்குத் தெரியாததா என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வியாழக்கிழமை போய் வழக்கம்போலக் கடிகாரங்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதற்கு நடுவில் தரகர் வந்தார். அவருக்கும் எனக்கும் நாலு வருடப் பழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வீடு வாங்கும்போது நேரில் வரமாட்டார்கள். நான் போனை வைத்துக்கொண்டு வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டுவேன். அதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. உள்ளே போனதும் முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுவேன். இந்தக் கதவு மழைக்கு உப்பும், இந்த மூலையில் ஈரம் இருக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். பதினெட்டு வீடு காட்டி பதினேழு முடிந்திருக்கிறது. அந்த ராசியில் மயங்கித்தான் தரகர் என்னை விடுவதே இல்லை. அவர் வந்து, கூச்சநாச்சம் எதுவும் இல்லாமல், உன் வீட்டையும் நீதான் காட்ட வேண்டும் என்றார்.

நீ மாட்டேன் என்றால் டைல்ஸ் கடைப் பையனை அனுப்புகிறேன், அவன் குடிசையைக்கூட மாளிகை என்று சொல்லி விற்றுவிடுவான் என்றார்.

மனைவிதான் உள்ளேயிருந்து, "அவரே காட்டட்டும்" என்றாள்.

தரகர் போனதும் சொன்னாள். பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு குறையோடு நிறுத்திவிடாமல் இருக்கிற குறை அத்தனையையும் சொல்லிவிடு. ஓட்டை உடைசல் வீட்டை யார் வாங்குவார்கள்? இரண்டு மூன்று பேர் வேண்டாம் என்று போனால், வீட்டுக்காரம்மாவுக்கோ ஊருக்குப் போகிற அவசரம், இப்போதைக்கு இருங்கள் என்று நம்மையே விட்டுவிட்டுப் போவார், மகள் பத்தாவது முடிக்கிறவரை தள்ளிவிட்டால் போதும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டுக் குறைகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். எண்ண எண்ண இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டிலா இத்தனை வருடம் குப்பை கொட்டினோம் என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தது. ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நீல நிறச் சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே இன்னொரு கட்டில், அதிலிருந்து யாருடைய காலோ தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அறையில் ஆறு பேராம். சத்தம் போட்டுப் பேச முடியாது, இரவு வேலை முடித்தவர்கள் தூங்குகிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள். ஒன்பது வருடம் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சேர்த்த பணமாம்.

நான் ஆரம்பித்தேன். பின் அறையில் மழைக்கு ஒழுகும், வாளி வைக்க வேண்டும் என்று அந்த வாளியையே எடுத்துக் காட்டினேன். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும் என்றேன். குளியலறைச் சாக்கடை மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும், நான் குழாய் வேலை தெரிந்தவன், நீங்கள் என்ன செலவு செய்தாலும் அது அடைக்கத்தான் செய்யும் என்றேன். முன் அறையில் மத்தியான வெயில் உட்காரவிடாது. பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் விரிசல். ஒன்று விடவில்லை. எல்லாமே நிஜம். அவள் ஒவ்வொன்றுக்கும் மெதுவாக உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அடுப்படிக்கு வந்தபோது மனைவி போனில் தெரிந்துவிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண் உடனே நிமிர்ந்தாள்.

"அக்கா, வீட்ல இருக்கிறவங்க நீங்கதானா? வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லம்மா" என்றாள் மனைவி.

"எத்தனை வருஷமா இருக்கீங்கக்கா?"

"பதினோரு வருஷம்."

சொன்ன பிறகுதான் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் அடுப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

"மூணு வீடு பாத்துட்டேன் அண்ணா. எல்லாரும் நல்லதை மட்டும்தான் சொன்னாங்க. கெட்டதைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஒழுகுது, அடைக்குதுங்கறீங்க, அதுலயும் ஒரு குடும்பம் பதினோரு வருஷம் இருந்திருக்கு. அப்ப நல்ல வீடுதானே? இதையே முடிச்சுடலாம்."

நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் தரகரின் ஆள் என்றுதான் நினைத்திருந்தாள், நாங்கள்தான் அந்தக் குடும்பம் என்று சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும். சொன்னால் நான் அடுக்கிய குறை எல்லாம் தந்திரம் என்றாகிவிடும். அது தரகர் காதுக்குப் போகும், தரகர் வாயிலிருந்து ஒன்பது வீட்டுக்காரர்கள் காதுக்கும் போகும். சாவி ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். பிறகு எந்த வீட்டில் இருந்தாலும் சாப்பாட்டுக்கு வழி இல்லை.

குடியிருப்பவர்கள் காலி செய்யத் தகராறு செய்வார்களா என்று அவள் தயங்கிக் கேட்டாள். பாவம், அவங்களுக்கு வேறு இடம் கிடைக்குமா என்றும் கேட்டாள்.

"நல்ல மாதிரியான ஆளுங்கம்மா. காலி பண்ணிடுவாங்க" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்தால் போய் நிற்க ஒரு இடம் வேண்டும் அண்ணா, ஆனால் வேலை ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, அதுவரைக்கும் யாருக்கும் வாடகைக்கு விட மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்றாள். சரி என்றேன். எந்தக் கிழமை தோது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது என்று சொன்னேன்.

நான் உள்ளே வந்தபோது மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியில் இருந்தது, மிதிக்கவில்லை. "பதினொன்னுன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்தபிறகு பொய் வரவில்லை என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இப்போது பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். மகள் காலையில் இருட்டோடு எழுந்து ஒரு மணிநேரம் பஸ்ஸில் போகிறாள். வேறு பள்ளிக்கூடம் மாற்றுகிறேன் என்றதற்கு ஒரு வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். மனைவியின் மெஷின் ஜன்னல் இல்லாத சுவரோரம் இருக்கிறது. துணி கொடுக்க யாரும் வருவதில்லை, நான் கொண்டுவந்து கொடுக்கிற திரைச்சீலை வேலைதான். பத்திரப் பதிவு முடிந்து முதல் மாதமே அந்தப் பெண் எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை கேட்டாள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதெல்லாம் வேண்டாம், எனக்குத் தெரியும் என்று மனைவி மனதிலிருந்தே எல்லா அளவையும் சொன்னாள். கொண்டுபோய் மாட்டினேன். ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகிறேன். ஒழுகலை அடைத்தாயிற்று, சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. குழாயைத் திறந்தால் முதலில் பழுப்பாக வந்து அப்புறம் தெளிகிறது. நாங்கள் இருந்தபோது அப்படி வந்ததில்லை. சாக்கடை அடைக்கவே இல்லை. அடைக்க யாராவது குளிக்க வேண்டுமே. வேலை முடிந்ததும் எல்லா அறையையும் வீடியோ எடுத்து அனுப்புவேன். கை கூப்பி ஒரு படம் அனுப்புவாள்.

பள்ளி விட்டதும் மகள் அந்த வீட்டு கேட் வரைக்கும் வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து பஸ் பிடிப்போம். உள்ளே வர மாட்டாள், நானும் கூப்பிட்டதில்லை. சாவி கொடுத்தவர்களைத் தவிர வேறு யாரையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்பது நானே எல்லா வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்த வாக்கு. படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

போன செவ்வாய் நான் குளியலறைப் பக்கம் போகும்போது வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"அப்பா, பஸ் வர்ற வரைக்கும் தாங்காது. பாத்ரூம் போயிட்டு வரட்டுமா? எதையும் தொட மாட்டேன்."

எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நான் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் நான் சரி என்று சொல்கிறவரை வாசற்படியைத் தாண்டாமல் நின்றாள். தலையாட்டினேன். இருட்டு நடையில் விளக்கைப் போடாமலே நடந்து போனாள். ஸ்விட்ச் இருக்கிற இடத்தைக்கூட அவள் தொடவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போகலாமா என்றாள்.

அந்த வாரம் அந்த வீட்டு டாய்லெட்டில் நான் தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கவில்லை.