அண்ணி மேடம்

ஆய்வுக்காரப் பெண் முதல் கேள்வியைக் கேட்டதுமே மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க வேலை உறவுகள் எப்படி இருக்கு?"

"உறவுன்னு இங்க ஒண்ணே ஒண்ணுதாம்மா. அதோ துண்டு அடுக்கறாங்களே, அவங்க என் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனோட வீட்டுக்காரி."

அந்தப் பெண் தலையைச் சொறிந்தாள். அவள் கேட்டது அந்த உறவை அல்ல. வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் நடுவில் இருப்பதை. நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத இந்தக் காலத்தில் அது எப்படி மாறுகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்களாம்.

"மாறறதுக்கு என்ன இருக்கு? வீட்ல அவங்க சொல்றதை நான் கேப்பேன். இங்க நான் சொல்றதை அவங்க கேப்பாங்க. சரிக்குச் சரி," என்றாள் மடிப்பக்கா.

உண்மைதான். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உருளையில் தேய்த்து, மடித்து அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் மடிப்புப் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. சொந்தப் பெயரே மறந்துபோகும் அளவுக்குப் பழைய ஆள். கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தவள். முதுகுவலியால் அண்ணன் லாரி ஓட்டுவதை விட்டபோது, அண்ணியைக் கூட்டிவந்து ஒப்பந்த ஆளாக வேலையில் சேர்த்ததும் அவள்தான். வீட்டில் 'நீ, வா, போ' என்று பேசும் அண்ணி, வேலையிடத்து வாசலைத் தாண்டியதும் 'நீங்க' என்பாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டுப் போல ஆகியிருந்தது.

பிறகு சலவைக்கூடம் கைமாறியது.

புதுக் கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து விளக்கினார். நிரந்தர ஆட்களின் கணக்கைப் பழைய முதலாளி முடித்துவிட்டார். அவர்கள் இன்றிலிருந்து புது ஆட்கள். தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். ஆக, கடைசியாக வந்தவர்கள் மூத்தவர்களாகிவிட்டார்கள். அண்ணி மடிப்புப் பகுதியின் பொறுப்பாளர் ஆனாள். மடிப்பக்காவின் சட்டையில் 'பயிற்சி' என்ற அட்டையைக் குத்தினார்கள்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியல. நேத்து வரைக்கும் நான் பழைய ஆளு."

"நேத்து வேற கம்பெனிம்மா."

"கட்டடம் இதேதானே?"

அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். சலவை இயந்திரம் ஓட்டும் நுரை, முழங்கை வரை எப்போதும் சோப்பு நுரையோடு திரிபவன், அவள் காதருகே வந்தான். "மறுபடியும் பிறந்திருக்கோம் அக்கா. அழுதாத்தான் உயிர் இருக்குன்னு நம்புவாங்க."

விதிப்படி புது ஆட்களுக்குப் பொறுப்பாளர் மடிக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். விரிப்பின் ஒரு முனையை அண்ணி பிடித்தாள், மறுமுனையை மடிப்பக்கா. மேலே கேமரா.

"முதல்ல மூலையைப் பிடிங்க." அண்ணி விரிப்பைப் பார்த்தே சொன்னாள். "அப்புறம் உதறணும்."

"எப்படி உதறணும் மேடம்?"

குத்திக் கேட்கவில்லை. பொறுப்பாளரை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கேட்டு முடித்த பிறகு, குத்தித்தான் கேட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று.

அன்று வீட்டில் சாப்பிடும்போது மடிப்பக்கா வாய்தவறி, "மேடம், அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் மடிப்பக்காவைப் பாத்திரம் கழுவ விடவில்லை. அதற்கு அடுத்த நாள், "எல்லாத்தையும் நான் ஒருத்தியே செய்யணுமா?" என்று பாத்திரங்களை உருட்டினாள். மாடியறையிலிருந்து இறங்குவதற்கு முன் கீழே என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது மடிப்பக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது.

மறுநாள் யார் யார் வர வேண்டும் என்பது மாலையில் போனுக்கு வரும். ஒருநாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் மணியடித்தது. 'நாளை வேலை இல்லை.' எதிர் நாற்காலியில் இருந்த அண்ணி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பட்டாணி போதுமா அண்ணி?"

"போதும்."

அடுத்த நாளும் அதே செய்தி. அதற்கடுத்த நாளும். கம்பெனிக் கணினி எடுத்த முடிவா, அண்ணியின் விரலா? உப்புக்கான பழியா? கேட்டால் வீடு இரண்டுபடும். கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஆய்வுக்காரப் பெண் இரண்டாம் சுற்றுக்கு வீட்டுக்கே வந்தாள். "உங்க மேலதிகாரி மேல நம்பிக்கை இருக்கா?"

"இல்ல." உடனே மடிப்பக்கா பதறினாள். "அய்யோ, அப்படி எழுதிடாத. என் அண்ணி நல்லவங்க. நல்லவங்கன்னும் எழுதாத, இரு."

"அப்போ என்ன எழுதட்டும்?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா பட்டப்பகல்ல விட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்? அவங்ககிட்டயும் கேட்டியா? என்ன சொன்னாங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுக்கா." செருப்பை மாட்டிக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

அன்று மாலை அண்ணி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா நேராகப் போய் நின்றாள்.

"என் பேரை நிறுத்தறது யாரு அண்ணி?"

அண்ணியின் கை கொடியிலேயே நின்றது. "நான்தான்."

"ஏன்?"

"தினம் ரெண்டு பேரை நிறுத்தியாகணும்னு சொல்றாங்க. உன்னை விட்டுட்டு மத்தவங்களை நிறுத்தினா, சொந்தக்காரியைக் காப்பாத்தறேன்னு பேசறாங்க. அதான் முதல்ல உன் பேரைப் போட்டேன். வீட்ல சோறு இருக்கு, நீ தாங்கிப்பேன்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? மேடமா சொல்றதா, அண்ணியா சொல்றதா? மேடமா சொன்னா அப்புறம் வீட்ல உன் முகத்தைப் பாக்க முடியாது. அண்ணியா சொன்னா நீ சரின்னுதான் தலையாட்டுவே. எங்க வீட்ல இருக்கறவ, வேற என்ன சொல்ல முடியும் உன்னால?"

சண்டை போடவென்றே வந்திருந்தாள் மடிப்பக்கா. இப்போது கோபம் அப்படியே இருந்தது. அதை யார் மேல் இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை.

"முறை வச்சு நிறுத்துங்க," என்றாள் கடைசியில். "என்னையும் சேத்துத்தான். எல்லாருக்கும் தெரியற மாதிரி சுவத்துல ஒட்டிடுங்க."

அண்ணி அப்படியே செய்தாள். கொஞ்ச நாள் மடிப்பு மேசையைச் சுற்றிப் பழைய பேச்சும் சிரிப்பும் திரும்பின. மாலையில் யாரும் போனைப் பார்த்து நடுங்கவில்லை. பிறகு கம்பெனி ஆள் வந்து காகிதத்தைக் கிழித்தார். இப்படி முன்கூட்டியே எழுதி ஒட்டினால் கம்பெனி வாக்குக் கொடுத்தது போல ஆகிவிடுமாம். பொறுப்பு அண்ணியிடமிருந்து நுரைக்குப் போயிற்று. அவனுக்கு ஒரு தலையணை உறையைக்கூட ஒழுங்காக மடிக்கத் தெரியாது. அண்ணியும் இனி கூப்பிடும் நாளில் மட்டும் போகும் ஆள்.

மேடம் போய் அண்ணி திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று மடிப்பக்கா சந்தோஷப்பட்டுப் பார்த்தாள். முடியவில்லை. யோசனை சொன்னவள் அவள்தானே.

"என் மேல கோபமா அண்ணி?"

அண்ணி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு யோசித்தாள். "தெரியல. படுத்தா நல்லா தூக்கம் வருது. எழுந்தா எரிச்சலா வருது. இது கோபமா?"

"எனக்கென்ன தெரியும்?"

அன்று மாலை இரண்டு போன்களும் சேர்ந்தே மணியடித்தன. மடிப்பக்காவுக்கு வேலை உண்டு. அண்ணிக்கு இல்லை.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு மடிப்பக்கா வாசலிலேயே தயங்கினாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அண்ணியை அனுப்பலாமா? அதற்கு நுரை ஒத்துக்கொள்வானா? இரண்டு பேரையும் நிறுத்திவிட்டால்?

அண்ணி உள்ளேயிருந்து வந்து சாப்பாட்டு டப்பாவை அவள் பையில் திணித்தாள்.

"இன்னும் என்ன முழிச்சிட்டு நிக்கறே? பஸ் போயிடும். பெரிய விரிப்பை அவன் இஷ்டத்துக்கு மடிக்கச் சொன்னா கேக்காதே, கோடு விழும்."

"சரி அண்ணி."

"அவனைச் சாருன்னா கூப்பிடறே?"

"அப்படித்தான் கூப்பிடச் சொல்றாங்க."

"நுரை சாரா?"

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. மடிப்பக்கா பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள்.