கால் முளைத்த சுவர்

அக்காவின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு அறை. பதினாறடி நீளம், பதினோரடி அகலம். அதில் பகல் முழுக்க அக்கா பள்ளிச் சீருடை தைப்பாள். அதே பகலில் அவள் கணவர், அதாவது மாமா, தூங்கியாக வேண்டும். ரொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. விடிந்து வீடு திரும்பும்போதே கண் சொருகும். தையல் மெஷினோ எட்டு மணிக்கெல்லாம் கடகடக்கத் தொடங்கிவிடும். அவருக்கு இருட்டு வேண்டும், அவளுக்கு வெளிச்சம் வேண்டும். ஜன்னல் என்னவோ ஒன்றுதான்.

ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்கள் அந்த மாதம் வாய்விட்டுப் பேசிவிட்டார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே மாமா ஒரு படுக்கை பார்த்துக்கொள்வது, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வீட்டுக்கு வருவது என்று முடிவாயிற்று. அதை அக்கா தன் தங்கையிடம் சொன்னாள்.

கட்டில், மேசை, அலமாரி என்று வீட்டுச் சாமான்களைப் புதுமாதிரியாக வடிவமைப்பதுதான் தங்கையின் தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளை. மாமா அவளுக்கு வைத்த பெயர் ‘இஞ்ச் டேப்’.

“பத்து நாள் பொறுங்க மாமா. அதுக்கப்புறம் வேணும்னா பெட்டியக் கட்டுங்க.”

“பத்து நாள்ல ரூம் பெருசாயிடுமா?”

“ரூம் பெருசாகாது. சுவர் நடக்கும்.”

மாமா மனைவியைப் பார்த்தார். “உன் தங்கச்சிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவதா?”

அக்கா துணி வெட்ட வைத்திருந்த பழுப்புத் தாளை விரித்துத் தங்கை வரைந்து காட்டினாள். “ரெண்டடி கனத்துல ஒரு சுவர். மேலயும் கீழயும் ரெயில். இந்தப் பக்கம் கட்டில், மடக்கினா உள்ள போயிடும். அந்தப் பக்கம் துணி வெட்டுற மேசை. பகல்ல நடுவுல நிறுத்துங்க. வெளிச்சம் அக்காவுக்கு, இருட்டு உங்களுக்கு. சாயங்காலம் ஓரமாத் தள்ளிட்டா முழு ரூமும் ரெண்டு பேருக்கும்.”

“சத்தம்?”

“அக்கா மூட்டை மூட்டையா துண்டுத்துணி சேர்த்து வெச்சிருக்காளே, அது எதுக்கு? எல்லாத்தையும் சுவருக்குள்ள திணிச்சிடுவேன்.”

ஒன்பதாம் நாள் தச்சர் வந்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்த சுவரைப் பொருத்தினார். அதன் ஓரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. மாமா நம்பிக்கையில்லாமல் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். அவ்வளவு பெரிய சுவர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. “அடேங்கப்பா!” என்று தன்னையறியாமல் சொன்னவர், தங்கை பார்ப்பதைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மறுநாள் காலை மாமா படுத்தார், அக்கா மெஷினை மிதித்தாள். கால் மணி நேரத்தில் கதவு வழியாக அவர் தலை எட்டிப் பார்த்தது.

“காதுல கேக்கலம்மா. முதுகுல கேக்குது.”

தங்கை போய் அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். உண்மைதான். மெஷின் ஓட ஓடக் கட்டில் நடுங்கியது. பார்க்க வந்திருந்த தச்சரோ, “சுவர இன்னும் கனமாக்கிடலாம்,” என்றார்.

“அது மேல பழி போடாதீங்க. சுவரும் தரையில நிக்குது, மெஷினும் தரையில நிக்குது. அதிர்வு தரை வழியா வருது.” மாமாவிடம் திரும்பினாள். “இது நான் யோசிக்காம விட்டது மாமா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்.”

பழைய லாரி டயரை வாங்கிவந்து கை அகலத்துக்கு அறுத்தாள். கீழே பலகை, நடுவில் ரப்பர், மேலே பலகை என்று அடுக்கி, நான்கு மேடைகள். மெஷினின் ஒவ்வொரு காலும் ஒன்றின்மேல் ஏறி நின்றது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்துவிட்டு, அக்காவை வேகமாக மிதிக்கச் சொன்னாள். தண்ணீர் அலுங்கவில்லை.

அடுத்த நாள் மாமா படுத்தவர் படுத்தவர்தான். மத்தியானம் போனது, நாலு மணி போனது. ஆறு மணிக்குத் தெருவில் தொழிற்சாலை வண்டி ஹாரன் அடித்தபோது எழுந்தவர், பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

“எழுப்பக் கூடாதா?”

“நீங்க உள்ள இருக்கிறதே மறந்துபோச்சு!” என்று சிரித்தாள் அக்கா.

“இஞ்ச் டேப்! வண்டி போயிட்டா உன்னத்தான் மாவு பிசைய அனுப்புவேன்!” என்று கத்திக்கொண்டே படியிறங்கினார். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பார்ப்பதாக இருந்த படுக்கையைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். “எல்லாம் சரிதான். ஒரே ஒரு குறை.”

“என்னக்கா?”

“சுவர்ல ஒரு சின்ன ஜன்னல் வேணும். அவரு தூங்குறத எட்டிப் பாக்கணும்.”

“ஒரு கண்ணு அளவுக்கா, ரெண்டு கண்ணு அளவுக்கா?” என்று கேட்டுவிட்டு, எந்தப் பலகையைக் கழற்றலாம் என்று தங்கை தட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.