ஒன்றரை மைல்

கார் நிறுத்துமிடத்து மரத்தடுப்பைத் தொட்டுவிட்டு லெஸ்லி புறப்பட்ட வேகத்தைக் கண்டு, நாயோடு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். வழிவிட வேண்டிய வேகம்தான் அது. ஆனால் முதலாவது உதைபந்துக் கம்பம் வரைக்கும் மட்டும்தான். அதைத் தாண்டியதும் அவனுடைய தோள்கள் மேலேறின, வாய் திறந்தது, கால்கள் ஈரப் புல்லில் ஒட்டிக்கொண்டு வருவதுபோல வந்தன. நாய்க்காரர் தன் பாட்டில் நடந்தே அவனை முந்தியிருக்கலாம்.

ஓட்டத்துக்கு உடம்பில் இரண்டு அடுப்புகள் இருக்கின்றன. ஒன்று காய்ந்த ஓலை மாதிரி. தொட்டவுடன் பற்றும், மூச்சுக் காற்றுக்குக்கூடக் காத்திராமல் குபீரென்று எரியும், ஒரு நிமிடத்தில் சாம்பலாகிவிடும். மற்றது பாலை மரத்து விறகு. அது பற்றுவதற்கு நேரம் வேண்டும், நிறையக் காற்று வேண்டும். பற்றிவிட்டால் நின்று எரியும். தூர ஓட்டக்காரர்கள் ஓலையைக் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு, விறகு பற்றும் வரைக்கும் பொறுமையாகப் போவார்கள். மன்னாரில் அடம்பன் பக்கம் பிறந்து வளர்ந்த லெஸ்லிக்கு அந்தப் பொறுமையை யாரும் பழக்கவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் ஓடிய ஓட்டமெல்லாம் வீட்டு வாசலிலிருந்து பதுங்குகுழி வரைக்கும்தான். அங்கே பாதி வேகத்தில் தொடங்கியவன் போய்ச் சேர்வதில்லை. குழிக்குள் குப்புற விழுந்த பிறகு மூச்சு தானாகத் திரும்பி வரும். லண்டனில் இந்த வான்ஸ்ரெட் புல்வெளியில், உதைபந்துக் கம்பத்தைக் கண்டதும் அவனுடைய உடம்பு வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. விழுவதற்குக் குழியைத் தேடியது.

"நிண்டிடாதை! நடந்தாலும் பரவாயில்லை, நிண்டிடாதை!" என்று தூரத்திலிருந்து றெஜினோல்ட் கத்தினான். கையில் போன். அதில்தான் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

றெஜினோல்ட் யாழ்ப்பாணம் குருநகர்க்காரன். மனோர் பார்க்கில் இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு, நித்திரை கொள்ளப் போகும் வழியில் லெஸ்லிக்கு நேரம் பிடிக்க வந்திருந்தான். ஒன்றரை மைலைப் பதினாலு நிமிடத்துக்குள் ஓடவேண்டும். லெஸ்லி தடுப்பைத் திரும்பவும் தொட்டபோது அது தாண்டிப் போயிருந்தது. கொஞ்சம்தான்; ஆனால் மூன்று கிழமையாக அந்தக் கொஞ்சம் அசையவில்லை.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்தவங்கள் எல்லாரும் இஞ்ச கடையளில நிக்கிறாங்கள்," என்றான் றெஜினோல்ட். "நீ ஒருத்தன்தான் ஆமியில சேர ஓடுறாய்."

"சமையலுக்குத்தானே அண்ணை."

"அப்ப துவக்குத் தரமாட்டாங்களோ?"

"தருவாங்கள். சமையல்காரனுக்கும் ஒண்டு உண்டு."

"ஒரு கையில துவக்கு, மற்றக் கையில அகப்பை. கோழி தானாச் சரணடையும்."

லெஸ்லி சிரிக்கப் பார்த்தான். மூச்சு இடங்கொடுக்கவில்லை. குனிந்து இடது காலின் முன்னெலும்பை, கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், விரலால் அமர்த்திப் பிடித்தான்.

ஆமி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. சொன்னால் எந்த ஆமி என்று கேட்கத் தேவையில்லாத சொல் அது. ஆனால் லெஸ்லிக்கு வேறு வழி தெரியவில்லை. படிக்க வந்த கொலிச் கோடையில் கதவைப் பூட்டிவிட்டது. விசா தை மாதக் கடைசியோடு முடிகிறது. வெள்ளைக்காரன் ஒருகாலத்தில் ஆண்ட நாட்டுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக, இலங்கையர் விசா இருக்கும்போதே பிரித்தானிய இராணுவத்துக்கு விண்ணப்பிக்கலாம். உள்ளே எடுபட்டால் பிறகு விசாவைப் பற்றிய கேள்வியே இல்லை. மனைவி பிள்ளையையும் கூப்பிடலாம். பொரித்த கோழிக் கடையில் அவனோடு நின்ற ஒரு கானாக்காரன் அப்படித்தான் போனான். லெஸ்லியின் மனைவி றோஸ்மலரும் ஆறு வயது மகள் பெனிற்றாவும், மே மாதத்தில் சண்டை முடிந்த பிறகு, வவுனியா முகாமில் கம்பிக்குள் இருந்தார்கள். மிச்சச் சோதனைகளையெல்லாம் அவன் தாண்டிவிட்டான். இந்த ஓட்டம்தான் பாக்கி. வருகிற செவ்வாய்க்கிழமை.

சனிக்கிழமை அவன் பாதி வழியில் நின்றுவிட்டான். நிற்க வேண்டும் என்று நினைத்து நின்றதல்ல; கால் நின்றது. நொண்டிக்கொண்டு வாங்கில் போய் உட்கார்ந்தவனை, வழமையாக அந்த நேரத்தில் ஓட வருகிற பெண் ஒருத்தி கடந்து போய், திரும்பி வந்தாள். பவளக்கொடி. மலேசியாவில் கிள்ளான்காரி. படிக்க வந்து, இங்கேயே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகி, குட்மேய்ஸில் வீடு வாங்கியவள். இரண்டு மாதமாகத் தலையசைப்போடு மட்டும் பழக்கம்.

"காலை நீட்டுங்க. பாக்கறேன்," என்று அவள் புல்லில் முட்டுக்காலிட்டாள். எலும்பின் வழியே பெருவிரலை மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் அவன் வாங்கிலிருந்து எழும்பிவிட்டான்.

"நீளமா வலிச்சா தசை. ஒரு வெரல் வைக்கிற எடத்துல வலிச்சா எலும்பு," என்றாள். "எப்பலேருந்து ஓடறீங்க?"

"ஆமியில சேர, ஓகஸ்ட்டில இருந்து. ஒவ்வொரு நாளும்."

"ஒவ்வொரு நாளுமா? லீவே இல்லாம?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அதான் லா."

அவள் விளங்கப்படுத்தினாள். எலும்பு கல் மாதிரி ஒரே பொருளாக இருப்பதல்ல; வீடு திருத்துவது போல எப்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். புதிய பாரம் வந்தால், இது காணாது, பலமாகக் கட்டவேண்டும் என்று உடம்பு முடிவெடுக்கும். கட்டுவதற்கு முதல் பழையதை இடிக்க வேண்டுமே. இடிக்கிற கூட்டம் கெதியாக வேலை செய்யும். கட்டுகிற கூட்டம் ஆறுதலாகத்தான் வரும். இரண்டுக்கும் நடுவே சில கிழமைகள், எலும்பு ஓடத் தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சும் தசையும் அதற்குள் தேறியிருப்பதால் ஓடுகிறவனுக்கு அது தெரியாது. தேறிவிட்டோம் என்று நினைத்து இன்னும் கூட்டுவான். உலகத்தில் எந்தப் படையில் சேர்கிறவர்களுக்கும் இந்த இடத்தில்தான் வெடிப்பு வரும் என்றாள்.

"நிப்பாட்டினால் கட்டிமுடிக்குமோ?"

"கண்டிப்பா. ஆறு வாரம் குடுங்க. நடக்கலாம், ஓடவே கூடாது."

"செவ்வாய்க்கிழமை பரீட்சை, அக்கா."

"தள்ளிப் போடுங்க. ஒடைஞ்சு போச்சுன்னா அப்புறம் எந்தப் பரீட்சையும் கெடையாது."

தள்ளிப் போடலாம் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று மத்தியானம் ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தான். சார்ஜன்ற் ஒருவர் இது தினமும் நடப்பதுபோலக் கதைத்தார். தை மாத நடுவில் இன்னொரு இடம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எடுத்து உறுதி செய்தால் மாற்றித் தருகிறேன் என்றார். விசா முடிவதற்குக் கொஞ்சம் முன்னால். ஆறு கிழமை கால் ஆறினால், மார்கழிக் குளிரில் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஓடிக் காட்டாத நேரத்தை, இன்னும் குறைந்த நாளில் ஓடிக் காட்ட வேண்டும். இடுக்கு வழிதான். என்றாலும் வழி. அன்று இரவு கடையில் கோழியை எண்ணெயில் இறக்கிக்கொண்டு நின்றபோது, இடது காலைப் பாரமில்லாமல் வைத்துக்கொள்ளும் விதத்தைப் பழகிக்கொண்டான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வீட்டின் பின்வளவில் நின்று போன் எடுத்தான். முகாமில் டொலறஸ் என்ற பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒளித்து வைத்திருந்த போன் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் றோஸ்மலருக்குக் கொடுப்பாள்.

"செவ்வாய்க்கிழமைதானே?" என்றாள் றோஸ்மலர், முதல் பேச்சாக. குரல் வற்றியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள். மாதா கைவிடமாட்டா. மூண்டு கிழமையா ஒருசந்தி இருக்கிறன். நீங்கள் ஓடி முடிச்ச பிறகுதான் விடுறதெண்டு நேர்ந்திருக்கிறன்."

தள்ளிப் போடப்போகும் கதையைச் சொல்ல எடுத்த வாய் அப்படியே நின்றது. நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. தை மாதம் வரைக்கும்.

"உனக்கென்ன விசரே? அங்க சாப்பாடே ஒழுங்காக் கிடைக்கிறேல்லை. அதுக்குள்ள ஒருசந்தியோ?"

"கிடைக்கிறதை விட்டால்தானே ஒருசந்தி. கிடைக்காததை விட்டு என்ன?"

"பூசை வைக்க வாற சுவாமியைக் கேள். உந்த நிலமையில இருக்கிற ஆக்களுக்கு உபவாசம் இல்லை எண்டு சொல்லுவார்."

"கேட்டனான். அப்பிடித்தான் சொன்னவர். நான் முதலே நேர்ந்திட்டனே. நீங்கள் அங்க ஓடுறீங்கள். இஞ்ச இருந்து எனக்குச் செய்ய ஏலுமானது இது ஒண்டுதானே, அப்பா."

பின்னாலிருந்து டொலறஸின் குரல் உரத்துக் கேட்டது. "தம்பி, இவள் நேற்றுத் தண்ணி வரிசையில மயங்கி விழுந்தவள்! சொல்லமாட்டாள், அதுதான் நான் சொல்லுறன்!"

றோஸ்மலரை அவனுக்குத் தெரியும். நேர்ந்ததை விடுகிற ஆள் அல்ல. கலியாணத்துக்கு முதல் மடு மாதா கோயிலுக்கு நேர்ந்து, காய்ச்சலோடு நடந்து போனவள். ஓட்டம் தை மாதம் என்றால் அவள் தை மாதம் வரைக்கும் அப்படியே இருப்பாள்.

"றோஸ், நான் ஓடிட்டன்," என்றான்.

"என்ன?"

"வெள்ளிக்கிழமையே. திகதியை முந்திப் போட்டிட்டாங்கள். உனக்குச் சொல்லத்தான் இப்ப எடுத்தனான். ஓடி முடிஞ்சுது. பாஸ்."

அவள் போனை விட்டுத் தள்ளி யாருக்கோ கத்துவது கேட்டது. சின்னக் கையொன்று போனைப் பறிக்கும் சத்தம்.

"அப்பா, ஓட்டத்தில நீங்கள் முதலாவதோ?"

"இல்லையம்மா. ரெண்டாவது."

"அப்ப ஆர் முதலாவது?"

"ஒரு நெட்டையன். அவனுக்குக் கால் நீளம்."

"உங்கட ஆமி ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போகுமோ?"

"நான் சமைக்கிற ஆள், குஞ்சு. நான் ஒருத்தரையும் பிடிக்கமாட்டன்."

"ஆருக்குச் சமைப்பீங்கள்?"

"அவையளுக்குத்தான்."

"ஆமிக்கோ?" என்றாள். உடனே போனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள்.

"இப்ப சாப்பிடு," என்றான் லெஸ்லி. "நான் போனில நிக்கிறன். எனக்குக் கேக்க வேணும்."

"சோறு பொழுதுபட்டாப் பிறகுதான் வரும். பிஸ்கற் இருக்கு." பொதி கிழிபடும் சத்தம் கேட்டது. அவள் மெல்லும் சத்தம், ஆயிரக்கணக்கான மைல் கடந்து, காதுக்குள்ளேயே கேட்டது. வாயில் பிஸ்கற்றோடு அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு றெஜினோல்ட் வந்தான். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றானோ தெரியாது. லெஸ்லியின் காலைப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்கப் போகிறான் என்று லெஸ்லி காத்திருந்தான். அவன் திரும்பிப் போய், குசினிக் கதிரையொன்றைத் தூக்கிவந்து புல்லில் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

"தம்பி, டொலறஸ் கதைக்கிறன்," என்று குரல் மாறியது. முன்பைவிட மரியாதையான குரல். "கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார். என்ர மூத்தவனைப் பற்றி ஒருக்கா அங்க சொல்லவேணும். மே மாதம் ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தினவங்கள். எங்க கொண்டுபோனது எண்டு ஒரு தகவலும் இல்லை. நீங்கள் இப்ப வெள்ளைக்காரன்ர ஆமி. உங்கட பெரியவையிட்டச் சொன்னால், அவை இஞ்சத்தப் பெரியவையிட்டக் கேப்பினம்தானே?"

"அக்கா, நான் சமையலுக்கு..."

"சமைச்சாலும் அவையளோடதானே தம்பி இருப்பீங்கள். சாப்பாடு குடுக்கேக்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் ஓடவில்லை, ஓடவும் ஏலாது, என்ர காலெலும்பு வெடிச்சுப் போச்சு. ஆனால் டொலறஸுக்குப் பக்கத்திலேயே றோஸ்மலர் இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா," என்றான். "சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். பெயர், வயது, போட்டிருந்த சேட்டின் நிறம். அவள் முடிக்க முதலே வேறு குரல்கள் நெருங்கி வருவது கேட்டது. கூடாரத்துக்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. ஒருத்தி கணவனுக்காக. ஒருத்தி இரண்டு பிள்ளைகளுக்காக. ஒவ்வொருவருக்கும் அவன் ஓம் என்றான். வலக்காலில் மட்டும் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றான். கதிரையின் கால்கள் மழையில் ஊறிய மண்ணுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. அதில் உட்கார அவனால் முடியவில்லை. அவர்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டுதான் கதைத்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"நான் செல்வமலர்," என்றாள் அடுத்தவள். மகனின் பெயரை முதலில் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை, ஒவ்வோர் எழுத்தாக, இடைவெளி விட்டு மெதுவாகச் சொன்னாள், வெள்ளைக்காரருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக.