நாற்பத்தேழாவது மனு

டைம்கீப்பருக்கு ஓய்வு கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. காகிதத்தில்தான் கொடுத்தார்கள், உடம்பு அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. முப்பத்துநாலு வருடம் பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிய கை அது. இப்போது எழுத வண்டி இல்லை. அதனால் காலைக் காப்பி ஏழு மணி நாலு நிமிடத்துக்கு வந்தால், அந்த நாலு நிமிடத்தை மனைவியிடம் அறிவித்துவிட்டுத்தான் குடிப்பார்.

வீட்டின் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு தோட்டம். அவர் கண்ணுக்கு அது நாலு ஜில்லா. தக்காளி, கத்தரி, ஒரு அவரைப் பந்தல், மூலையில் சிமெண்டுத் தொட்டி. ஞாயிறு காலை தொலைக்காட்சியில் தோட்ட நிகழ்ச்சி வரும்போது மட்டும் உள்ளே வருவார், திட்டுவதற்கு. நிகழ்ச்சியை நடத்தும் அம்மாளுக்கு அவர் வைத்த பெயர் மண்படாத மகராசி. விளம்பரத்துக்கு முன்னால் விதை போடுகிறாள், விளம்பரம் முடிவதற்குள் காய் பறிக்கிறாள், நகக்கண்ணில் துளி அழுக்கில்லை, அந்தத் தோட்டத்தில் ஒரு நத்தைக்கும் குடியுரிமை கிடையாதா என்று கேட்பார். ஆனால் அவள் சொன்ன குறிப்பு ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். போதாததற்கு, என் தோட்டத்தை வந்து படம் எடுங்கள் என்று பதின்மூன்று கடிதம் போட்டிருந்தார். தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்தது மனைவிக்கு மட்டும், தபால்தலை ஒட்டியவள் அவள்தான்.

அவருடைய இன்னொரு பொழுதுபோக்கு நகராட்சி. தெருவிளக்கு பகலில் எரிந்தால் மனு. நன்றாயிருந்த நடைபாதையைக் கொத்திப்போட்டுவிட்டு மறுபடியும் நன்றாயிருக்கிற நடைபாதை போட்டால் மனு. நாற்பத்தாறு மனுவும் கிணற்றில் போட்ட கல். அவற்றை வாங்கி முத்திரை குத்தி அடுக்கியவன் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. பூங்காப் பிரிவில் குமாஸ்தா, மனு வாங்கும் வேலையும் அவன் தலையில்தான். நாற்பத்தேழாவது, தெருமுனைப் பூங்காவின் குளத்தைப் பற்றியது. ஒருவரும் எட்டிப்பார்க்காத அந்தப் பாசிக் குளத்துக்கு வாராவாரம் மோட்டார் போட்டு நீர் விடுவது பொதுப்பணத்தைப் பாழாக்குவதல்லாமல் வேறென்ன என்று கேட்டிருந்தார். நகராட்சியின் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஒரு மனுவை யாரோ படித்தார்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் குளம் காய்ந்து அப்பளமானது. டைம்கீப்பர் அன்று இரண்டு அங்குலம் வளர்ந்ததாக மனைவி சொல்கிறாள்.

நாலாவது வாரம் தவளைகள் வந்தன.

முதல் நாள் ஏழு, மறுநாள் எழுபது, அதற்கப்புறம் எண்ணுவதற்கு இன்னொரு டைம்கீப்பர் தேவைப்பட்டார். தொட்டியில் தவளை, பூவாளிக்குள் தவளை, செருப்பில் கால் விட்டால் அங்கே ஏற்கெனவே ஒருவர். அந்தி சாய்ந்ததும் கச்சேரி. அவருக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து கூடத்துக்கும் நடந்து தரையில் தடமே விழுந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த மச்சினன் தொட்டியோரம் குந்தி, பழகிய முகங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"குளத்துல குடியிருந்தவங்க அத்தான். நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க?"

"தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க" என்றாள் மனைவி. "இங்க தவளை நல்லாத்தான் இருக்கு."

அந்த வாரத்தில்தான் பதின்மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு.

டைம்கீப்பர் மூன்று நாள் தூங்கவில்லை. தக்காளியைத் துணியால் துடைத்தார். வாடிய இலை என்று ஒன்று மிச்சமில்லை. சில செடியில் இலையே மிச்சமில்லை. தவளைகளைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலை இல்லை, ஏனென்றால் பகலில் அவை வாய் திறப்பதில்லை என்று நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். நோட்டில் மகராசியின் குறிப்பும் ஒன்று இருந்தது: விருந்தாளி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் செடிகளின் மேல் நீர் தெளித்தால் இலை பளபளக்கும்.

ஒன்பது ஐம்பதுக்குக் குழாயைத் திறந்து மழைபோலத் தெளித்தார். பத்து மணிக்கு அவர்கள் வரவில்லை. இலை காய்ந்துவிடுமே, பத்தேகாலுக்கு வந்துவிடுவார்கள் என்று பத்து ஐந்துக்கு மறுபடியும் தெளித்தார். பத்தரைக்கு வருவார்கள் என்று பத்து இருபதுக்கு, பத்தேமுக்காலுக்கு என்று பத்து முப்பத்தைந்துக்கு. "கொஞ்சம் உக்காருங்களேன், அவங்க என்ன உங்க பஸ்ஸா?" என்று மனைவி கேட்டது காதில் ஏறவில்லை. பத்து நாற்பதுக்கு வாசலில் வண்டி நின்றபோது தோட்டம் நாலாவது முறையாகக் குளித்து முடித்திருந்தது.

மகராசி, காமிராக்காரர், காதில் கருவி மாட்டிய ஒலிக்காரர், மூவரும் பின்கட்டுக்கு வந்தார்கள். டைம்கீப்பர் தக்காளிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். பந்தலடியிலிருந்து ஒருவர் பதில் செருமினார். தொட்டியிலிருந்து நாலு பேர். அப்புறம் நாலு ஜில்லாவும். காற்று குளிர்ந்து மண் நனைந்து இலையெல்லாம் சொட்டினால் எந்தத் தவளைதான் கடிகாரத்தைப் பார்க்கும்? பருவமழை பிறந்துவிட்டதென்றே முடிவு கட்டிவிட்டன. ஒலிக்காரர் கருவியைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். "ஐயா, இதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று அவர் கேட்க, முப்பத்துநாலு வருடம் ஒரு விசிலில் வண்டியை நிறுத்தியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தவளை பின்னால் ஓடினார். ஒன்றைப் பிடித்தால் மூன்று தப்பின. வேட்டி சேறு, கண்ணாடி சேறு. அடுத்த படப்பிடிப்புக்குப் போகவேண்டும் என்று காமிராக்காரர் பெட்டியை மூட ஆரம்பித்தார். டைம்கீப்பரின் நெஞ்சு ஒரு நிமிடம் தாமதமாக ஓடியது.

அப்போது மகராசி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். குனிந்து ஒரு தவளையை வெறுங்கையால் எடுத்தாள். நகக்கண்ணெல்லாம் மண். அதைப் பார்த்து அவருக்கு ஆறு வருடத் திட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இவ்வளவு தவளை ஒரே வீட்டில் எப்படி என்று அவள் கேட்டாள். தெருமுனைக் குளம் வற்றிப்போனது என்றார். அவள் முகம் மலர்ந்தது. தக்காளியைத்தான் எல்லா வாரமும் காட்டுகிறோமே, இதையே எடுப்போம் என்றாள். நகராட்சி குளத்தைக் கைவிட்டது, ஒரு தனிமனிதர் தவளைகளுக்கு வீடு கொடுத்தார்; அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், சத்தம் பின்னணியில் கேட்டால் இன்னும் அழகு.

பொய் எவ்வளவு சுத்தமாகச் சமைத்து இலையில் வைக்கப்பட்டிருந்தது பாருங்கள். காமிராவுக்குப் பின்னால், சுவரோரம், வாயைப் பொத்திக்கொண்டு மச்சினன். அவன் காட்டிக்கொடுக்கமாட்டான், அக்கா முறைத்த முறைப்பு அப்படி. சொல்லவேண்டியது இரண்டே வரி. பதின்மூன்று கடிதத்தின் பலன்.

"நகராட்சிக்காரங்க..." என்று ஆரம்பித்தார். கால் மாற்றி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதில் சொல்லவேண்டியது எழுதியிருப்பதுபோல. "நகராட்சிக்காரங்க என்ன பண்ணாங்கன்னா..."

தவளைகள் சட்டென்று நின்றன. மொத்தக் கூட்டமும், ஒரே விநாடியில், யாரோ விசில் அடித்த மாதிரி. அந்த அமைதியில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"குளத்துக்குத் தண்ணி விடாதீங்கன்னு மனு போட்டது நான்தான்" என்றார் டைம்கீப்பர். "ஒருத்தரும் பாக்கலன்னு எழுதினேன். இவங்கள எண்ணல."

மறு ஞாயிறு அது அப்படியே ஒளிபரப்பானது. தக்காளி அரை விநாடிகூட வரவில்லை. டைம்கீப்பர் உட்கார்ந்து பார்க்கவில்லை; கதவோரம் நின்று, உள்ளே போய், வெளியே வந்து, மனைவி "முடிஞ்சுது, வாங்க" என்ற பிறகுதான் வந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

திங்கள் காலை பூங்காப் பிரிவு திறந்ததும் அவர் மேசைமுன் நின்றார், கையில் நாற்பத்தெட்டாவது மனு. குளத்துக்கு உடனே நீர் விடவேண்டும். மச்சினன் அதை நிதானமாகப் படித்தான். எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாற்பத்தேழாவதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"செலவாகுமே அத்தான். பொதுப்பணமாச்சே."

சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுவது டைம்கீப்பர் கண்ணில் பட்டது. வேறொரு நாளாயிருந்தால் அதற்கே ஒரு மனு. விழுங்கிக்கொண்டார்.

"ஆகட்டும்."

அவருடைய துணிப்பை அசைந்தது. காலையில் அவசரத்தில் உள்ளே பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்த பை. அதிலிருந்து ஒன்று எம்பி, முத்திரை மைப்பெட்டியில் இறங்கி, அங்கிருந்து மனுவின் மேல் தாவி, நாலு கால் தடத்தையும் ஊதா நிறத்தில் அழகாகப் பதித்துவிட்டு உட்கார்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மச்சினன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "சம்பந்தப்பட்டவரே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று சொல்லி, பக்கத்தில் அலுவலக முத்திரையையும் குத்தித் தேதி எழுதினான்.

"நேரத்தையும் எழுது மச்சான்" என்றார் டைம்கீப்பர், தவளையைப் பைக்குள் ஏந்திக்கொண்டே. "பத்து பதினாலு. உங்க கடியாரத்தப் பாத்து எழுதாதே."